மதகு

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவள் நான்.
சின்னது நூறு டிராம், பெரியது இருநூறு.
முழங்காலிடுபவர் யார்,
முழங்காலிட்டபடி ஓரக்கண்ணால்
பார்க்கிறார்களா என்று பார்ப்பவர் யார்,
இருபத்திரண்டு வருஷமாய் எனக்குத் தெரியும்.
சொல்வதில்லை.
இரண்டு பேரும் சரியான சில்லறை தருகிறார்கள்.

அந்த ஞாயிறு கார்னிக் வந்தான்,
செம்மறிக் கிடாயோடு. கொம்பில் சிவப்பு நாடா.
மகன் லெவோனுக்கு யெரெவானில்
நெஞ்சைத் திறந்து மூடியிருந்தார்கள்.
பையன் பிழைத்தால் மதாக் தருகிறேன் என்று
ஆஸ்பத்திரி நடைவழியில் நேர்ந்துகொண்டானாம்.
பிழைத்துவிட்டான்.

முறை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.
கிடாயோடு கோயிலை மூன்று சுற்று.
பாதிரியார் ஆசீர்வதித்த உப்பை அது நக்க வேண்டும்.
அறுத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் இட்டு வேகவைத்து
ஏழு வீட்டுக்குப் பங்கு.
மறுநாளைக்கு ஒரு துண்டு மிஞ்சக் கூடாது.

ஏழு வீடுகளையும் அவன் மனைவி அனாஹித்
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஏழிலும் வாஹ்ராமின் வீடு இல்லை.

வாஹ்ராம் கூடப் பிறந்தவன்.
மேட்டில் கார்னிக், பள்ளத்தில் அவன்.
மூன்று கோடைக்கு முன்
வாய்க்கால் மதகில் பலகையை இறக்கிப்
பூட்டுப் போட்டான் கார்னிக்.
அப்புறம் பள்ளத்து ஆப்ரிகாட் மரங்களில்
குருவிக்கும் வேலை இல்லை.
அந்த மூன்று கோடையிலும் கார்னிக்
ஒரு ஞாயிறு தவறியதில்லை,
நோன்பு நாளில் முட்டை தொட்டதில்லை.
என்னிடம் எப்போதும் பெரிய மெழுகுவர்த்திதான் வாங்குவான்.

முதல் சுற்று முடிந்தது.
இரண்டாவதில், வடக்குச் சுவரோரம்,
கிடா நின்றுவிட்டது.
அற்புதம் ஒன்றுமில்லை. அங்கே புல் இருந்தது.
கயிற்றை இழுத்தான் கார்னிக்.
பிறகு இழுக்கவில்லை.
அந்தச் சுவரருகே நின்றால் பள்ளம் முழுதும் தெரியும்.
வாஹ்ராம் வீட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது.
எந்த மரத்து விறகு என்று
மூக்குள்ளவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பிடி, சத்தெனிக்" என்று
கயிற்றை என் கையில் திணித்தான்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு
மேட்டுப் பக்கம் ஏறிப் போனான்.

பாதிரியார் உள்ளங்கையில் உப்போடு நின்றார்.
வேர்வையில் அது நமுத்தது.
"நேர்ச்சையைப் பாதியில் விட்டால்
பையனுக்கு ஆகாதே" என்றாள் ஒருத்தி.
அண்டாவில் வெறும் தண்ணீர்
கொதித்து, வற்றி, மறுபடி ஊற்றிக் கொதித்தது.
என் கூடையிலிருந்து கிடா
மூன்று மெழுகுவர்த்திகளைத் தின்றது,
நாலாவதைக் கடித்துத் துப்பியது.
நானூறு டிராம். யாரிடம் போய்க் கேட்க?

இருட்டும் நேரம் திரும்பி வந்தான்.
முழங்கால் வரை சேறு. கையில் பூட்டு,
திறந்ததில்லை, அறுத்தது.
சாவியை எப்போது தொலைத்தானோ.
மூன்றாம் சுற்றை யாரும் நினைவூட்டவில்லை.
பாதிரியார் உப்பைக் காகிதத்தில் மடித்து
அங்கியின் பையில் போட்டுக்கொண்டார்.
சேற்றைப் பார்த்துச் சிரித்தாரா,
புல் மேயும் கிடாயைப் பார்த்தா, தெரியவில்லை.

வாஹ்ராம் கதவைத் திறந்தானா,
அதுவும் தெரியாது.
மூன்று வருஷம் ஒரே நாளில் நனைந்துவிடுமா?
ஆனால் இரவெல்லாம் பள்ளத்தில்
மண் குடிக்கும் சத்தம் கேட்டது.

தூக்கம் வரவில்லை.
எழுந்து அடுப்பில் மெழுகு காய்ச்சினேன்.
தேன்மெழுகு என்று சொல்லித்தான் விற்கிறேன்.
பாதிக்கு மேல் பாரஃபின்.
சட்டியில் கரண்டியை விட்டபடி
வெகுநேரம் நின்றேன்.
நாளைக்கு அட்டையில் உண்மையை எழுத வேண்டும்.
எழுதுவேனா?
துப்பிய கிடாவுக்கு மட்டும்
ஏற்கெனவே தெரியும்.